பத்து நாள் வாயை மூடிக்கொண்டேன். இப்போது ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன்

விபாசனா தியானத்தின் பத்து நாள் பயிற்சிக்குப் போகலாமா வேண்டாமா என்று யார் என்னிடம் கேட்டாலும், கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுகிறேன்: போங்க. முதல்ல போங்க. மீதியை வந்து பேசிக்கலாம். ஆபீஸில் எனக்கு ‘விபாசனா மேடம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். வைத்துக்கொள்ளட்டும். நல்ல புடவைக் கடை ஒன்றைக் கண்டுபிடித்தால் நாலு பேரிடம் சொல்லாமல் நமக்குத் தூக்கம் வருமா?

இத்தனை பேசுகிற நான், போவதற்கு முன்னால் யோசித்த யோசனை கொஞ்சநஞ்சமல்ல. விண்ணப்பத்தைத் திறப்பேன், மூடுவேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அத்தை கேட்டார்: “ஏம்மா, உனக்கு இங்க என்ன குறை?” மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்: “அம்மா, நீ பத்து நாள் பேசாம இருப்பியா? நாலு மணி நேரம் தாண்டினா என் பாக்கெட் மணியெல்லாம் உனக்குத்தான்!” இவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி மெதுவாக, “போனையும் வாங்கி வெச்சுக்குவாங்களா?” என்றார். ஆமாம் என்றேன். அவர் முகத்தில் தெரிந்தது கவலையா, நிம்மதியா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள்தான். புத்தகம், பேனா, டைரி எல்லாவற்றையும்கூட. பூஜை, ஜபம், மந்திரம், யோகாசனம் எதுவானாலும் அந்த நாட்களுக்கு நிறுத்தி வைக்க வேண்டும். ஆண்களுக்குத் தனிப் பகுதி, பெண்களுக்குத் தனிப் பகுதி. கொல்லாமை, திருடாமை, பிரம்மச்சரியம், பொய் சொல்லாமை, போதை தொடாமை என்று ஐந்து விதிகளை ஏற்றுக்கொண்டுதான் பயிற்சி தொடங்கும். அதோடு மௌனம். வாய் மட்டுமல்ல, கண்ணும் கையும் பேசக் கூடாது. ஜாடை காட்டுவதும் பேச்சுதான். ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கலாம், சேவை செய்கிறவர்களிடம் சோப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம், அவ்வளவுதான். பத்தாம் நாள் காலைதான் வாய் திறக்க அனுமதி.

பல்லாவரம் பக்கம் திருமுடிவாக்கத்தில் இருக்கிற தம்ம சேது மையத்தில் நான் போய் உட்கார்ந்தபோது என் மனதில் இருந்தது பயம்தான். அது எப்போது போனது என்று கேட்டால், இரண்டாம் நாள் சாப்பாட்டு வரிசையில் என்பேன். தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் ஒரு பெண். “எந்த ஊர், என்ன பண்றீங்க, எத்தனை பசங்க” என்று நான் கேட்க வேண்டியதில்லை. அவளும் கேட்க மாட்டாள். என் சம்பளம், என் மகளின் மார்க், என் எடை எதையும் யாரிடமும் விளக்க வேண்டாம். ஆகா, என்ன ஒரு விடுதலை! கல்யாண வீட்டு விசாரணைகளில் அடிபட்டு வளர்ந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். அங்கே நாங்கள் ஒருவரையொருவர் அறிந்தது செருப்பால்தான். நீலப் பட்டை செருப்புக்காரி எப்போதும் சீக்கிரம் வந்துவிடுவாள். குதிகால் தேய்ந்த பழுப்புச் செருப்புக்காரிக்குச் சளி.

காலை 4 மணிக்கு மணி அடிக்கும். 4.30 முதல் 6.30 வரை தியானம். பிறகு சிற்றுண்டி. 8 மணிக்கு மறுபடி கூடம். 11 மணிக்கே மதியச் சாப்பாடு, எல்லாம் சைவம். 1 மணிக்கு மீண்டும் உட்கார்ந்தால் 5 மணி வரை, நடுவில் சின்னச் சின்ன இடைவேளைகளோடு. புதியவர்களுக்கு 5 மணிக்கு டீயும் பழமும் பொரியும். ராத்திரிச் சாப்பாடு கிடையாது. பழைய மாணவர்களுக்கு அந்தப் பொரியும் இல்லை. 6 மணிக்கு ஒரு மணி நேரக் கூட்டுத் தியானம், 7 மணிக்குச் சொற்பொழிவு, மறுபடி தியானம், 9.30க்கு விளக்கணைப்பு. கூட்டிப் பார்த்தால் நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறோம். படிக்கும்போதே முதுகு வலிக்கிறதா? அங்கே நாற்காலியும் உண்டு, முடியாதவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

முதல் மூன்று நாளும் நாலாம் நாளின் பாதியும் ஒரே வேலை. மூச்சைப் பார்ப்பது. அதை இழுக்கவோ அடக்கவோ எண்ணவோ கூடாது. மூக்குத் துவாரத்துக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே இருக்கிற அந்தச் சின்ன இடத்தில் மூச்சு படுவதை வெறுமனே கவனிக்க வேண்டும். இதற்குப் பெயர் ஆனாபானா. கேட்க எவ்வளவு சுலபம்! இரண்டு மூச்சுதான் பார்த்திருப்பேன், மனசு கேஸ் சிலிண்டர் புக் பண்ணினேனா என்று கிளம்பிவிடும். இழுத்து வந்து உட்கார வைத்தால் பத்தாம் வகுப்பில் என்னைத் திட்டிய டீச்சரிடம் போய்ச் சண்டை போடும். இத்தனை வருஷமாக இந்தச் சந்தைக்கடைச் சத்தத்தோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், உள்ளே போகிற காற்று வலது துவாரத்தின் ஓரத்தில் ஜில்லென்று, ஒரு கடுகளவு இடத்தில் மட்டும் பட்டது. வெளியே வருகிற காற்று வெதுவெதுப்பு. அவ்வளவுதான் நடந்தது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

நாலாம் நாள் பிற்பகலில்தான் விபாசனாவைச் சொல்லித் தருகிறார்கள். உச்சந்தலையிலிருந்து பாதம் வரை உடம்பின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தைக் கொண்டுபோய், அங்கே என்ன உணர்ச்சி இருக்கிறதோ அதை மாற்ற நினைக்காமல் பார்ப்பது. சுகமாக இருந்தால் ஆசைப்படாதே, வலித்தால் வெறுக்காதே, எல்லாம் தோன்றி மறைவது. அன்று முதல் தினமும் மூன்று முறை, ஒரு மணி நேரம் கண் திறக்காமல், கை பிரிக்காமல், கால் மாற்றாமல் உட்கார வேண்டும். இதற்கு அதிட்டானம் என்று பெயர்.

இங்கேதான் என் இடது முழங்கால் வருகிறது. முக்கால் மணி நேரம் ஆனதும் அதற்குள் யாரோ கம்பியைக் காய்ச்சி விட்டது போல எரியும். எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றும். ‘சரி, பார்ப்போம்’ என்று அந்த எரிச்சலையே பார்த்தேன். பார்க்கப் பார்க்க அது ஒரே கட்டியாக இல்லை. நடுவில் துடிப்பு, ஓரத்தில் சூடு, கீழே ஒரு இழுப்பு. துடிப்பு ஒரு கணம் நின்று மறுபடி தொடங்குகிறது. அந்த ஒரு கணத்தில் வலியே இல்லை! மணி அடித்ததும் காலை நீட்டினேன், அத்தனை பெரிய வலி அரை நிமிஷத்தில் போன இடம் தெரியவில்லை. ‘எதுவும் நிலையில்லை’ என்று சின்ன வயசிலிருந்து எத்தனை உபன்யாசம் கேட்டிருக்கிறேன். என் முழங்கால் சொன்ன பிறகுதான் நம்பினேன்.

பயிற்சி முழுவதையும் நடத்துவது ஒரு குரல். அந்தக் குரலுக்குரிய சத்ய நாராயண் கோயங்கா 2013இல் காலமாகிவிட்டார். அவருடைய பதிவுகளைக்கொண்டே இன்றும் வகுப்புகள் நடக்கின்றன. உதவி ஆசிரியர்கள் முன்னால் அமர்ந்து வழிகாட்டுகிறார்கள். தமிழிலும் கேட்கலாம், ஹிந்தி தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். ஒவ்வொரு தியானமும் முடிவதற்குச் சில நிமிஷம் முன்பு அவர் அடித்தொண்டையில் பாலி மொழியில் இழுத்து இழுத்துப் பாடத் தொடங்குவார். முதல் நாள் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆறாம் நாள், ‘எப்பய்யா பாடுவ?’ என்று அந்தக் குரலுக்காக ஏங்கிக் கிடந்தேன். மாலைச் சொற்பொழிவில் மனிதர் சிரிக்க வைக்கிறார் பாருங்கள், நாள் முழுக்க நாம் உள்ளுக்குள் புலம்பியதை எல்லாம் பக்கத்தில் இருந்து கேட்டவர் போலச் சொல்லிக் காட்டுவார்.

அவருடைய கதையே அழகானது. 1924இல் மண்டலேயில் பிறந்த மார்வாரிக் குடும்பத்துப் பிள்ளை, ரங்கூனில் பெரிய தொழிலதிபர். மார்பின் ஊசி போட்டுக்கொள்ளும் அளவுக்கு ஒற்றைத் தலைவலி. 1955இல் ஊ பா கின் என்ற ஆசிரியரிடம் போனார். தலைவலிக்காக என்றால் வராதே, இது அதற்கான வைத்தியம் இல்லை என்று அவர் முதலில் மறுத்துவிட்டார். போகலாமா என்று யோசிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். முதுகுவலி போகும், பதவி உயர்வு வரும், கணவர் திருந்துவார் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். மனதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை போதும்.

எனக்கு ஊ பா கின் மீது தனிப் பாசம் உண்டு, காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அவர் பர்மாவின் தலைமைக் கணக்காயர்! நானும் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டுகிறவள். பகலில் அரசாங்கக் கணக்கு, மற்ற நேரத்தில் தியானம் சொல்லிக்கொடுப்பது என்று வாழ்ந்தவர். அவருடைய குரு சயா தெட்ஜி ஒரு விவசாயி. அவருக்கு முந்தியவர் லெடி சயாடோ என்ற துறவி. குடும்பஸ்தர்களுக்கும் இதைத் திறந்துவிட்டவர். துறவி, விவசாயி, கணக்கர், வியாபாரி என்று கைமாறி வந்த வித்தை 1969இல் கோயங்காவோடு இந்தியாவுக்குத் திரும்பியது. 1976இல் மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் தம்ம கிரி மையம் தொடங்கியது. பர்மாவிலிருந்து நமக்கு அத்தோவும் பர்மா பஜாரும்தான் வந்தன என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

1994இல் கிரண் பேடி சிறைத்துறைத் தலைவராக இருந்தபோது தில்லி திகார் சிறையில் 1,000க்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே பயிற்சியில் உட்கார்ந்தார்கள். ‘எனக்கு நேரமே இல்லை’ என்று சொல்ல வாயெடுக்கும் போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

பணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஸ்டார் ஹோட்டல் ஹாலில் ஆயிரக்கணக்கில் கட்டி, கையைத் தட்டி, பக்கத்து ஆளைக் கட்டிப்பிடித்து, ‘என்னால் முடியும்’ என்று கத்திவிட்டு வருகிற கூட்டங்களுக்கு எங்கள் ஆபீஸிலிருந்தும் பலர் போகிறார்கள். கடைசி நாளில் ‘அடுத்த லெவல்’ விற்பார்கள். அமெரிக்காவில் டோனி ராபின்ஸ் என்ற பேச்சாளர் நெருப்பில் நடக்க வைக்கிறார். நம்மூர் திரௌபதி அம்மன் கோயிலில் அதற்கு டிக்கெட் கிடையாது. விபாசனா மையத்திலும் தங்குவது, சாப்பாடு, கற்றுக்கொடுப்பது எதற்கும் கட்டணம் இல்லை. நன்கொடை கொடுக்கிறேன் என்றாலும் முழுப் பயிற்சியை முடித்தவர்களிடம்தான் வாங்குகிறார்கள். முதல் தடவை போகிற நமக்குச் சோறு போட்டவர் இதற்கு முன்னால் உட்கார்ந்து எழுந்த யாரோ ஒருவர். பரிமாறுகிறவர்களும் சம்பளத்துக்கு நிற்கிறவர்கள் இல்லை, பழைய மாணவர்கள். இதை நினைத்தாலே சாம்பார் ருசி கூடிவிடுகிறது.

இத்தனை கொண்டாடினாலும் எல்லோரையும் தள்ளிவிட மாட்டேன். கடுமையான மனநலப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று மையமே சொல்கிறது. விண்ணப்பத்தில் உடல்நலம், மனநலம், சாப்பிடும் மாத்திரை எல்லாம் கேட்பார்கள். ஒன்றையும் மறைக்காதீர்கள். டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்திவிட்டுப் போவது என்ற பேச்சே வேண்டாம். பாதியில் ஓடிவந்துவிடலாம் என்ற எண்ணத்தோடும் போகாதீர்கள். பத்து நாளும் இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டுதான் சேர்க்கிறார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. ஆழமாக உழுதுவிட்டு விதைக்காமல் போனால் நிலம்தான் பாழ்.

என்ன மாறியது என்று அத்தை கேட்டார். நான் ஞானியாகவில்லை, பம்மல் சிக்னலில் இன்னும் எரிச்சல் வருகிறது. ஆனால் எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால் இடது காது மடல் சூடாகிறது என்பது இப்போது தெரியும். மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் மேலதிகாரி எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். காது சூடாயிற்று, பார்த்தேன், ஆறியது. “திருத்தித் தர்றேன் சார்” என்று உட்கார்ந்துவிட்டேன். பழைய நானாக இருந்தால் அன்றைக்கு ராத்திரி வீட்டில் இட்லிகூடக் காரமாக இருந்திருக்கும். கவனித்தீர்களோ என்னவோ, பலன் பெரிதும் வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் போகிறது. பாக்கெட் மணி மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை.

போவதாக இருந்தால் தொளதொள பருத்தி உடைகள், ஒரு போர்வை, டார்ச், குடை எடுத்துக்கொள்ளுங்கள். மையத்தின் அலுவலக எண்ணை வீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவசரம் என்றால் தகவல் சொல்வார்கள். திரும்பி வந்த மறுநாளே ஆபீஸ் போகாமல் ஒரு நாள் கூடுதல் லீவு போடுங்கள். விண்ணப்பம் இணையத்திலேயே இருக்கிறது, தமிழிலும் நடக்கிற பயிற்சியாகப் பார்த்துப் போடுங்கள். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். அதனால் யோசிப்பதை அப்புறம் வைத்துக்கொண்டு, விண்ணப்பத்தை இன்றைக்கே அனுப்புங்கள்.