துரையின் கையேடும் கடையின் கொப்பியும்

மலையகம் பற்றிய நூல்கள் அண்மைக் காலத்தில் பெருகியிருக்கின்றன. 2023 இல் நினைவுகூரப்பட்ட 'மலையகம் 200' அதற்கு மேலும் உத்வேகம் தந்தது. இவற்றுள் பல, பாராட்டுரைகளின் தொகுப்பாகவே நின்றுவிடுகின்றன. மு. நித்தியானந்தனின் 'கூலித் தமிழ்' (க்ரியா, 2014) அப்படியான நூலல்ல. வட்டவளையில் இருந்துகொண்டு அதை மீண்டும் வாசித்தபோது, அது நமக்கும் ஒரு கேள்வியை விட்டுச் செல்வதாகவே எனக்குப் பட்டது.

தோட்டத் துரைமார் தமிழ் கற்பதற்கென எழுதப்பட்ட கையேடுகளை நித்தியானந்தன் எடுத்து வைத்து ஆராய்கிறார். 1915 இல் வெல்ஸ் வெளியிட்ட நூலின் பெயரே 'கூலித் தமிழ்'. இன்னொன்றின் தலைப்பு 'இங்கே வா!'. ஒரு மொழியைக் கற்பதற்கான முதல் வாசல் ஏவலாக அமைந்துவிட்டால், அங்கே உரையாடலுக்கு இடமேது? 1869 இல் வந்த ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி'யையும் அவர் இதே கண்கொண்டுதான் பார்க்கிறார். தமிழில் பாடப்பட்டது என்பதற்காக அது தொழிலாளியின் குரலாகிவிடாது. தொழிலாளி எழுதி வைக்காத வரலாற்றை எசமானின் ஏட்டிலிருந்தே பிழிந்தெடுப்பது இந்நூலின் பலம்.

மைத்ரி ஜெகதீசன் 2019 இல் ஆங்கிலத்தில் எழுதிய 'தேயிலையும் தோழமையும்' என்ற பொருள்படும் மானிடவியல் நூல் வேறு வழியில் செல்கிறது. அது ஏடுகளை விட்டு லயத்துக்குள் நுழைந்து, போருக்குப் பிந்திய பெண்களின் உழைப்பைப் பேசுகிறது. 2015 இல் எழுந்த 1000 ரூபா நாட்சம்பளக் கோரிக்கை வர்த்தமானியில் ஏற 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பை வாழ்ந்தவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்களே. ஆனால் அவர்களுள் எத்தனை பேரால் ஆங்கில நூலொன்றை வாசிக்க முடியும்? நூலின் குறை இதுவல்ல. தமிழ்ப் பதிப்புலகம் தீர்க்க வேண்டிய கடன் இது.

இனி நம் பக்கம் வருவோம். மலையகத் தொழிற்சங்க வரலாற்றைப் பேசுவோர் நடேசய்யரையும் தொண்டமானையும் விரித்துரைக்கிறார்கள். 1956 இல் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்த அப்துல் அஸீஸ் ஒரு பெயராக வந்து போகிறார். முஸ்லிம் வரலாற்றாசிரியர்களோ பேருவளையிலும் காலியிலும் கிழக்கிலும் நின்றுவிடுவதால் அவர்களுக்கும் அவர் வேண்டாதவராகிவிடுகிறார். இரு வீட்டாரும் கைவிட்ட பிள்ளை.

ஆயினும், 'எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்பதோடு நமது பொறுப்பு தீர்ந்துவிடாது. தொழிலாளரை நாடற்றோராக்கிய 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் ரி. பி. ஜாயா தொழில் அமைச்சராக இருந்தார். நாம் பாடசாலைகளில் போற்றும் பெயர் அது. இந்திய வம்சாவளி முஸ்லிம்களும் அச்சட்டத்தால் பாதிக்கப்பட்டனர் என்பதை மட்டும் எழுதி, இதை விட்டுவிட்டால் அது வரலாறாகாது.

மலைநாட்டுக் கடைத்தெருக்களில் நம்மவர் கடைகளின் கடன் கொப்பிகளும் அப்படித்தான். சம்பளம் வரும்வரை அரிசியும் மாவும் கொடுத்து எத்தனையோ அடுப்புகளை எரிய வைத்தவை அவை. கொடுத்தவனும் கணக்கெழுதியவனும் ஒருவனே என்பதும் உண்மை. துரையின் கையேட்டை நித்தியானந்தன் எந்தக் கண்ணால் வாசித்தாரோ, அதே கண்ணால் அந்தக் கொப்பிகளையும் ஒருவர் வாசிக்க வேண்டும். அந்த ஒருவர் நம்மிலிருந்து வருவதே முறை.