கபடி நிகழ்படங்களும் பல்கேமராப் படத்தொகுப்பும்

பல கேமராக்களில் ஒரே நேரத்தில் எடுத்த காட்சிகளைக் கால ஒழுங்கில் பொருத்தி, எந்த நொடியில் எந்தக் கோணம் திரைக்கு வரவேண்டும் என்று தெரிவு செய்வது பல்கேமராப் படத்தொகுப்பு எனப்படும். அடோபி பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ், பைனல் கட் புரோ ஆகிய மூன்று மென்பொருள்களிலும் இதற்குத் தனி வசதி உண்டு. எல்லாக் கோணங்களும் சிறு கட்டங்களாக ஓடிக்கொண்டிருக்கும். விசைப்பலகையில் 1, 2, 3 என்று அழுத்தினால் கோணம் மாறும். ஒரு மாணவர் அரை நாளில் கற்றுவிடலாம். எந்த இடத்தில் அழுத்தாமல் இருக்க வேண்டும் என்பதை ஆட்டம் தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

கபடியை எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் போன்ற ஊர்களிலும் இன்று பொங்கல் போட்டிகளை இரண்டு மூன்று கேமராக்களில் எடுத்து யூடியூபில் ஏற்றுகிறார்கள். பெரும்பாலும் கல்யாண வீடியோ எடுக்கும் இளைஞர்களே இந்த வேலையைச் செய்கிறார்கள். படம் துல்லியம், வெளிச்சம் நன்று. ஆனால் பார்த்து முடித்தபின் யார் எப்படி அவுட் ஆனார் என்று கேட்டால் பதில் சொல்ல முடிவதில்லை. இந்தக் குறை கேமராவில் இல்லை, தொகுப்பில் இருக்கிறது.

நமது விளையாட்டுப் படத்தொகுப்பு கிரிக்கெட்டிடம் பாடம் கற்றது. கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே அரை நிமிடம் அளவுக்கு இடைவெளி கிடைக்கும். பந்து வீச்சாளர் திரும்பி நடக்கும்போது மறு ஒளிபரப்பு, மட்டையாளரின் முகம், பார்வையாளர் கூட்டம் எல்லாவற்றையும் காட்டிவிடலாம். ஆட்டத்தில் எதுவும் விட்டுப்போகாது. கபடியில் அந்த இடைவெளி கிடையாது. ஒரு ரைடு முடிந்ததும் எதிரணி ஐந்து நொடிக்குள் தன் ஆளை அனுப்பியாக வேண்டும் என்பது விதி. ரைடுக்கு உள்ள நேரமோ 30 நொடி. எட்டு நொடி ஸ்லோமோஷனைப் போட்டால் அடுத்த ரைடின் தொடக்கம் போயிற்று. ரைடர் எந்தப் பக்கம் நுழைந்தார், கார்னரில் நிற்பவர் எப்படி நகர்ந்தார் என்ற முக்கியமான பகுதியே காணாமல் போகிறது.

2014இல் தொடங்கிய புரோ கபடி லீக் இந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சிக்கு ஏற்றதாக மாற்றியதில் பெரும் பங்கு வகித்தது. 2017இல் தமிழ் தலைவாஸ் அணி சேர்ந்தபின் நம் வீடுகளிலும் அது வழக்கமாயிற்று. ரைடு நடக்கும்போது உயரத்தில் உள்ள பக்கவாட்டுக் கேமராவையே முதன்மையாக வைப்பது அதன் நல்ல பண்பு. ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரு பாதியில் ஏழு பேர் கைகோத்து நிற்கிறார்கள். அந்தச் சங்கிலி முழுவதும் சட்டத்துக்குள் இருந்தால்தான் பிடி எங்கே விழப்போகிறது என்று பார்ப்பவருக்குப் புரியும். நேரலையில் ஓரளவு காக்கப்படும் இந்த ஒழுங்கு, பிறகு வரும் சுருக்கத் தொகுப்புகளில் குலைகிறது. தொடுதல், விழுதல், தொடையைத் தட்டுதல் என்று இரண்டு நொடித் துணுக்குகள் அடுக்கப்படுகின்றன. நம் இளைஞர்கள் பின்பற்றுவது இந்தச் சுருக்கத்தைத்தான். நேரலை இயக்குநருக்காவது அவசரம் என்ற காரணம் உண்டு. வீட்டில் உட்கார்ந்து தொகுப்பவருக்கு அதுவும் இல்லை. மறு ஒளிபரப்பை அவர் டைம் அவுட்டிலோ இடைவேளையிலோ வைக்கலாம். திரையின் மூலையில் சிறு கட்டமாகவும் காட்டலாம்.

வெட்டாத அகலக் காட்சியின் அருமையை 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டின் ஆண்கள் இறுதிப் போட்டி காட்டியது. இந்தியாவும் ஈரானும் 28-28 என்று சமநிலையில் இருந்தபோது பவன் செராவத் ரைடு சென்றார். யாரையும் தொடாமல் அவர் லாபிக்குள் கால் வைத்துவிட, ஈரான் வீரர்கள் அவரைத் தொடர்ந்து லாபிக்குள் போனார்கள். லாபி என்பது இரு பக்கமும் உள்ள ஒரு மீட்டர் பட்டை. தொடுதல் நிகழ்ந்த பிறகே அது களத்தின் பகுதியாகும். எந்த விதியின்படி புள்ளி கொடுப்பது என்பதில் முடிவுகள் மாறி மாறி வந்தன, ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று வென்றது. சச்சரவு விதியைப் பற்றியது என்றாலும், கால் எப்போது போனது, தொடுதல் இருந்ததா, பின்னால் யார் யார் வந்தார்கள் என்ற மூன்றையும் ஒரே ஓட்டத்தில் காட்டும் கோணம் இல்லாமல் விவாதத்தையே தொடங்க முடியாது. முகத்துக்கு அண்மைக் காட்சி வைத்து அந்த ரைடைத் தொகுத்தால் அதில் விவாதிக்க ஒன்றும் இருக்காது.

திரைப்படத்தை இதற்கு மாதிரியாகக் கொள்ள வேண்டாம். ‘வெண்ணிலா கபடிக்குழு’ (2009) போன்ற படங்களில் யார் வெல்வார் என்பது கதையில் எழுதப்பட்டது. அங்கே கோணம் உணர்ச்சிக்காக மாறலாம். ஊர்ப்போட்டியில் தோற்ற அணி அந்தக் காட்சியைப் பார்த்துத் தன் தவறைத் திருத்த வேண்டும். மாவட்ட அணிக்குத் தெரிவாக விரும்பும் பெண் தன் ஆட்டத்தைக் காட்டுவதற்கும் அதுவே சான்று.

பொருத்துதல் பற்றியும் சொல்ல வேண்டும். கேமராக்களை ஒலி அலையை வைத்து இணைப்பதே எளிய வழி என்று பலர் அதோடு நிற்கிறார்கள். நடுவரின் விசில் நல்ல குறியீடுதான். ஆனால் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில்தான் செல்கிறது. களத்திலிருந்து 34 மீட்டர் தள்ளி மாடியில் வைத்த கேமராவுக்கு விசில் நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகக் கேட்கும். நொடிக்கு 25 சட்டம் என்றால் அது இரண்டரைச் சட்டம். தொட்டாரா இல்லையா என்று பார்க்கும் இடத்தில் இந்த வேறுபாடு பெரிது. எனவே ஒலியால் பொருத்தியபின், கால் மேட்டில் படும் ஒரு சட்டத்தைப் பார்த்துக் கையால் சரிசெய்ய வேண்டும். கைப்பேசியில் எடுத்த படத்துக்கு வேறு சிக்கல். பல கைப்பேசிகள் நொடிக்கு 30 சட்டம் என்று காட்டிவிட்டு வெளிச்சத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும். முதல் பாதியில் பொருந்தியது இரண்டாம் பாதியில் விலகும். தொகுப்பதற்கு முன்பே நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது. கேமராக்களைக் களத்தின் ஒரே பக்கத்தில் நிறுத்துவதும் அவசியம். எதிர்ப்பக்கக் கேமராவுக்குத் தாவினால் இடப்பக்க அணி வலப்பக்கம் போய்விடும்.

ஒலித்தடம் பெரும்பாலும் கைவிடப்பட்ட பிள்ளை. ரைடர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது கபடியின் அடிப்படை விதி. பாட்டு நின்றால் ரைடு முடிந்தது. சடுகுடு என்ற பழைய பெயரே அந்தப் பாட்டிலிருந்து வந்த ஒலிதான். இன்றைய தொகுப்புகளில் சினிமாப் பாட்டும் வர்ணனையும் கேட்கின்றன, ரைடரின் குரல் மட்டும் இல்லை. நடுக்கோட்டின் ஓரத்தில் ஒரு மலிவான மைக்கை வைத்து அந்தத் தடத்தைத் தொகுப்பு முழுவதும் அறுபடாமல் ஓடவிட்டால், கோணம் மாறினாலும் ரைடு அறுந்ததாகத் தோன்றாது. சினிமாப் பாட்டுக்கு யூடியூபில் காப்புரிமைக் கோரிக்கை வரும் தொல்லையும் மிச்சம்.