ஏழாவது துடிப்பு

நோயாளிகளின் இதயத்துக்குத் தாளத்தில் சிகிச்சை தரும் ‘ரிதம் டாக்டர்’ ஆட்டத்தில் விரல் விழ வேண்டியது ஏழாவது துடிப்பில். அதுவரை ஆறு துடிப்புகளுக்குச் சும்மா இருக்க வேண்டும். ஆட்டத்தின் அழகு முழுவதும் அந்தச் சும்மா இருத்தலில்தான் என்பேன். கையில் இருப்பது ஒரே ஒரு பொத்தான். ஆறில் அடித்தால் அவசரம், ஏழு கடந்து அடித்தால் அசட்டை.

முதல் பகுதியின் கடைசியில் வரும் அந்தத் தூக்கமில்லா நோயாளியை எத்தனை முறை ஆடியிருப்பேன் என்று கணக்கில்லை. கிருமி நோயாளியோடு நமக்குள்ள இணைப்பையே தாக்குகிறது. படம் கிழிகிறது, கோடு அறுகிறது, கண்ணை நம்ப முடிவதில்லை. காதுதான் துணை. உருமி மேளம் கேட்டு வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடும். திருவிழாக் கூட்டத்தில் மேளக்காரர் முகம் தெரியாது, கை தெரியாது. ஆனாலும் அடி எங்கே விழப்போகிறது என்று நம் கால்களுக்குத் தெரியும்.

அதே குழுவின் ‘எ டான்ஸ் ஆஃப் ஃபயர் அண்ட் ஐஸ்’தான் மேல் என்று வாதாடும் நண்பர்கள் எனக்கு உண்டு. தாளச் சுத்தத்தில் அது ஒரு படி மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே பாதை முழுக்கக் கண்முன் விரிந்து கிடக்கிறது. இங்கே பாதையே பறிபோன பிறகும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு இதுதான் பெரிது.

‘ரிதம் டாக்டரை’ உருவாக்கிய ஹாஃபிஸ் அஸ்மான் நம் மலேசியாக்காரர். 2014-இல் சுயாதீன ஆட்டங்களுக்கான அனைத்துலக விழாவான ஐ.ஜி.எஃப்.-இன் மாணவர் பிரிவில் இறுதிச் சுற்று வரை இது போனது. ஸ்டீமில் விலைக்கு வந்தது 2021 பிப்ரவரியில்தான். அதற்கு முன்பே அதன் முன்னோட்டம் உலாவியில் காசில்லாமல் ஆடக் கிடைத்தது. அப்படித்தான் நானும் ஆடினேன். பதிலுக்கு நான் கொடுத்தது என்ன என்ற கேள்வி அன்றிலிருந்து கூடவே வருகிறது.

இலவச ஆட்டத்துக்கு ஆடுபவன் கொடுக்கக்கூடியது சொல் ஒன்றுதான். அதையும் பிசுக்கிப் பிசுக்கிக் கொடுக்கிறோம். இல்லாவிட்டால் தூக்கி எறிகிறோம். “அடித்தாலும் ஏறவில்லை, கேம் சரியில்லை.” தாள ஆட்டம் செய்பவர்கள் அதிகம் கேட்கும் குறை இதுவாகத்தான் இருக்கும். குற்றம் பெரும்பாலும் ஆடுபவரின் காதில் இருக்கிறது. புளூடூத் இயர்போனில் ஒலி 100, 200 மில்லிவினாடி பிந்தி வருவது சாதாரணம். நொடிக்கு 60 படம் ஓடும் திரையில் ஒரு படத்தின் ஆயுள் 17 மில்லிவினாடிகூட இல்லை. அப்படியென்றால் ஆறு முதல் பன்னிரண்டு படம் கடந்த பிறகே அடி காதுக்கு வருகிறது. அந்தக் காதை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது எப்படி நியாயம்? பணிவு இங்கே வெறும் நற்குணம் அன்று, உண்மையைக் கண்டுபிடிக்கும் வழி. “ஒயர் இயர்போனில் சரியாக விழுகிறது, புளூடூத்தில் எப்போதும் பிந்துகிறது, கைப்பேசி இன்னது, இரண்டாவது பாட்டில் வேகம் மாறும் இடத்தில்” என்று ஒருவர் எழுதினால், அந்த நாலு வரி ஒரு நல்ல விமரிசனக் கட்டுரைக்குச் சமம்.

கறாராகத் திட்டினால்தான் திருத்துவார்கள் என்பது இன்னொரு கட்சி. கறார் எனக்கும் பிடிக்கும். அது விவரத்தில் இருக்கட்டும், வசையில் வேண்டாம். வெறும் “சூப்பர்” என்பதும் எனக்குத் திருப்தியில்லை. எந்த இடம் சூப்பர் என்று சொல்லாத பாராட்டு, சாப்பிட்ட இலையைப் பார்க்காமலே எழுந்து போவது போல.

இலவசமாகக் கொடுத்தவர்கள் முன்பும் இருந்தார்கள். ‘கேவ் ஸ்டோரி’ என்ற ஆட்டத்தை அமாயா என்பவர் ஐந்து ஆண்டுகள் ஓய்வு நேரத்தில் தனியாகச் செதுக்கினார். முதலில் செய்ததைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கி, 2004-இல் இலவசமாகக் கொடுத்தார். ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்’ ஆட்டத்தை உருவாக்கிய சகோதரர்கள் பல ஆண்டுகள் நன்கொடையில் வாழ்ந்தார்கள்; பணம் அனுப்பியவர்களுக்குக் கையால் மெழுகு வண்ணத்தில் ஒரு படமோ ஒரு சின்னக் கதையோ அனுப்பினார்கள். கொடுத்தவனும் வாங்கியவனும் ஒருவர் முகத்தை ஒருவர் நினைத்துக்கொண்ட காலம் அது. கோலசிலாங்கூர் சைபர் கஃபேயில் மணிக்கணக்குக்குக் காசு கட்டி ஃப்ளாஷ் ஆட்டம் ஆடிய நாள்களில், தொடக்கத் திரையின் மூலையில் செய்தவரின் மின்னஞ்சல் இருக்கும். எழுத வேண்டுமென்றால் மிச்சமிருக்கும் பத்து நிமிடத்தைச் செலவழிக்க வேண்டும். அதனால் யோசித்து எழுதினோம். 2020 முடிவோடு ஃப்ளாஷ் போனது. யோசித்து எழுதும் பழக்கமும் கூடவே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. இப்போது மூன்றாவது கட்டத்தில் மாட்டிக்கொண்டவர் ஒரு நட்சத்திரத்தைக் குத்திவிட்டு நகர்கிறார்.

என் தங்கை மகன் ஒரு சின்ன ஆட்டம் செய்தான். கம்போங் குவாந்தான் ஆற்றங்கரை, பெரெம்பாங் மரங்கள், ஒன்றாக மின்னி ஒன்றாக அணையும் மின்மினிகள். அவற்றோடு சேர்ந்து நாம் தட்ட வேண்டும். இலவசமாகத்தான் கொடுத்தான். முதலில் வந்த சொல் “மொக்கை”. இரண்டு நாள் கணினியைத் திறக்கவில்லை. பிறகு முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: கடைசி வரை ஆடினேன், படகு திரும்பிய பிறகு மூன்றாவது மரத்தில் மட்டும் ஒளி ஒலியை முந்துகிறது, மற்ற மரங்கள் எல்லாம் ஆற்றில் பார்த்த மாதிரியே இருக்கின்றன. அன்று இரவே உட்கார்ந்து அந்த மரத்தைச் சரிசெய்தான்.

எங்கள் தோட்டத்தில் ஊர்வலம் நடக்கும்போது மேளக்காரரிடம் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சாமி கோயிலுக்குத் திரும்பி, அவர் உருமியை இறக்கி வைத்து, தேத்தண்ணி குடித்த பிறகு அப்பா பக்கத்தில் போய் உட்காருவார். “அண்ணே, லயத்து வளைவில கை கொஞ்சம் முந்திடுச்சு.” அவரும் தலையாட்டுவார், “ஆமா தம்பி, எனக்கும் தெரிஞ்சுச்சு.”

மின்மினி ஆட்டம் பற்றி என்னிடமும் ஒரு குறை இருக்கிறது: கடைசி மரம் அவசரமாக அணைகிறது. இன்னும் தங்கை மகனிடம் சொல்லவில்லை. பாசிர் பெனம்பாங் படகுத்துறையில் உட்கார்ந்து முழுவதையும் இன்னொரு முறை, ஒயர் இயர்போனில், ஆடிப் பார்க்க வேண்டும். ஆறு எண்ணியாகட்டும்.