கூடத்தில் ஒரு கர்னல்

கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளின் கூடத்துச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரரும் இருப்பார். 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த கர்னல் பென்னிகுயிக். குமுளி மலையடியில், லோயர் கேம்ப்பில், 2013இல் அவருக்கு மணிமண்டபமே திறந்தார்கள்.

கடையில் விற்கும் அருவிப் படத்தைவிட இந்தப் படம் கூடத்துக்குக் களை தருவதாகவே எனக்குப் படும். வந்தவர் "யாருங்க இவரு?" என்று கேட்டால் போதும், காபி ஆறும்வரை பேச்சு ஓடும்.

ஒரே குறை, மாட்டுகிற உயரம். தரையில் பாய் போட்டு உட்கார்ந்த காலத்தில் உத்தரத்தையொட்டி மாட்டி, கயிற்றைத் தளர்த்தி முன்னால் சாய்த்துவிடுவார்கள்; கீழிருந்து பார்த்தால் முகம் தெரியும். சோபா வந்த பிறகும் ஆணி மட்டும் இறங்கவில்லை. கண் மட்டத்துக்கு இறக்கி, எதிரே கண்ணாடியில் கூசும் டியூப்லைட்டை அணைத்து, பக்கவாட்டில் ஒரு மஞ்சள் பல்பு போட்டால் கூடமே மாறிவிடும். வெள்ளையடிக்கப் படங்களை இறக்கும் பொங்கல்தான் இதற்கு நல்ல நேரம். அவர் பிறந்ததும் ஜனவரி 15தான். அப்படியே அந்தப் பிளாஸ்டிக் மாலையையும் கழற்றிவிடலாம். அதில் சேர்வது தூசிதான்.