லியான் கூஸன்ஸின் குழல்

மேல்நாட்டு இசைக்குழு சுருதி சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேடை அடங்கும். ஒரே ஒரு குழல் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும். வயலின்காரர் தொடங்கி அத்தனை பேரும் அதோடு சேர்ந்துகொள்வார்கள். அந்தக் குழல்தான் ஓபோ. ஊருக்கே சுருதி கொடுக்கும் இந்த வாத்தியத்துக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தனிக் கச்சேரி மரியாதை இல்லை. அதை மீட்டுக் கொடுத்தவர் லியான் கூஸன்ஸ்.

நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஓபோ அந்நியமல்ல. இரண்டுக்கும் கீழே போகப் போக விரியும் துளை. இரண்டிலும் இரட்டை நாக்கு அதிர்ந்துதான் நாதம் பிறக்கிறது. ஆனால் ஓபோவின் சீவாளியில் இருக்கும் இடைவெளி மிகக் குறுகல். அதனால் இதை வாசிப்பவருக்கு மூச்சு போதாமல் போவதில்லை, மிஞ்சிப்போகிறது. நீண்ட சங்கதி ஒன்று முடிந்ததும், நெஞ்சில் தேங்கிய பழைய காற்றை முதலில் வெளியே விட வேண்டும். அதன்பின்தான் புது மூச்சு. முகம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க வாசிக்க வேண்டிய வாத்தியம். இதில் ஒரு பாடகரின் நிதானத்தைக் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியமா?

1897இல் லிவர்பூலில், பெல்ஜியத்திலிருந்து வந்த இசைக் குடும்பத்தில் பிறந்தார் கூஸன்ஸ். தாத்தா, அப்பா, அண்ணன் மூவருக்கும் யூஜீன் என்றே பெயர். மூவருமே இசைக்குழு நடத்துநர்கள். சகோதரிகள் மேரியும் சிடோனியும் ஹார்ப் வாசித்தார்கள். ஹார்ன் வாசித்த இன்னொரு அண்ணன் அடால்ஃப், 1916இல் முதல் உலகப் போரில், சொம் போர்க்களத்தில் உயிரிழந்தார். லியானும் அந்தப் போருக்குப் போய்க் காயப்பட்டுத் திரும்பியவர்தான்.

பதினேழு வயதுவாக்கில் அவர் லண்டன் குவீன்ஸ் ஹால் இசைக்குழுவில் முதல் ஓபோ வாசிக்க அமர்ந்தார். அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் பெல்ஜியரான ஆன்ரி டி புஷர். அன்றைய இங்கிலாந்தில் ஓபோ என்றால் அசைவில்லாத, சற்றே முரட்டு நாதம். டி புஷரிடம் கேட்ட மென்மையையும் இழைந்த அதிர்வையும் இளைஞர் தன்வயமாக்கினார். வாக்கியத்தை எங்கே தொடங்கி எங்கே தணிப்பது என்பதில் ஒரு பாடகரின் கணக்கு அவரிடம் இருந்தது. எனக்கு அதிகம் பிடித்தது அவருடைய மெல்லொலி. பழைய இசைத்தட்டின் இரைச்சலுக்கு நடுவிலும் அது தேயாமல் நிற்கிறது.

அந்த நாதத்தைக் கேட்டு இசையமைப்பாளர்கள் எழுதத் தொடங்கினார்கள். பாக்ஸும் பிளிஸ்ஸும் ஓபோவையும் நான்கு தந்தி வாத்தியங்களையும் சேர்த்து ஐவர் இசை எழுதினார்கள். 1932இல் பதினெட்டு வயது பெஞ்சமின் பிரிட்டன் எழுதிய ஃபேன்டஸி குவார்ட்டெட் கூஸன்ஸுக்கே காணிக்கையானது. வயோதிகத்தில் எல்கர் அவருக்காக ஒரு தொகுப்பைத் தொடங்கினார். அதை முடிக்காமலே 1934இல் காலமானார். அதிலிருந்து எஞ்சியது 'சொலிலக்வி' என்ற ஒரே பகுதி.

வான் வில்லியம்ஸ் எழுதிய கான்சர்ட்டோ இவற்றில் தலையாயது என்பேன். வாசிப்பவருக்கு மூச்சுவிட இடமே தராத நெடும் வாக்கியங்கள். ஆனால் கேட்பவருக்கோ, மேய்ச்சல் நிலத்தில் யாரோ தன்போக்கில் குழல் ஊதுவதைப் போலிருக்கும். 1944இல் லண்டனில் நடக்கவேண்டிய அரங்கேற்றம் ஜெர்மானியரின் பறக்கும் குண்டுகளால் நின்றுபோனது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று லிவர்பூலில், கூஸன்ஸ் பிறந்த ஊரிலேயே, அது முதன்முதலாக ஒலித்தது.

1962இல் ஒரு கார் விபத்து. பற்களும் உதடுகளும் சிதைந்தன. ஓபோக்காரருக்கு உதடுதான் எல்லாம். சீவாளியைக் கவ்வி, நாதத்தை வார்ப்பது அதுவே. அறுபத்தைந்து வயதில் இனி வாசிப்பு முடிந்தது என்றே பலரும் எண்ணினார்கள். அவரோ, காயம்பட்ட உதட்டுக்கு ஏற்ப வேறொரு பிடியைத் தேடி, பயிற்சிக்கு வந்த மாணவனைப் போல ஒவ்வொரு ஸ்வரமாக மறுபடி கற்றார். சில ஆண்டுகளில் மேடைக்கே திரும்பினார். எல்கர் விட்டுச்சென்ற அந்தச் சொலிலக்வி, கார்டன் ஜேக்கப் இசைக்குழுவுக்கு அமைத்துத்தர, 1967இல் முதன்முதலாக ஒலிபரப்பானது. வாசித்தவர் கூஸன்ஸ். எழுபது வயதில், புதிதாகப் பழக்கிய உதடுகளால்.

எண்பது வயது கடந்தும் வாசித்தார், 1988இல் மறைந்தார். இத்தனை ஆண்டும் அவர் கையில் இருந்தது பாரிஸின் லோரே பட்டறையில் 1907இல் செய்த ஒரே ஓபோ.