காதுக்கும் மார்புக்கும் இடையில்

1819இல் பாரிஸில் வெளிவந்த மருத்துவர் லாயெனெக்கின் நூலை மருத்துவ வரலாறாகவே வாசிக்கிறார்கள். கோப்பை கழுவும் எங்களுக்கு அதில் ஒரு கதையும் தெரிகிறது. 1816இல் இதயநோயின் அறிகுறிகளுடன் ஓர் இளம்பெண் அவரிடம் வருகிறாள். அவளது வயதும் அவள் பெண் என்பதும் மார்பில் நேரே காது வைக்கத் தடை என்கிறார் அவர். கடதாசிகளை இறுகச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைக்கிறார். துடிப்பு முன்னெப்போதையும்விடத் தெளிவாகக் கேட்கிறது. ஸ்ரெதஸ்கோப் பிறக்கிறது.

அந்தப் பகுதியில் அவள் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவளுக்குக் கூச்சமிருந்ததா, சம்மதமிருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அவளுடைய கூச்சத்தையும் மருத்துவரே தீர்மானிக்கிறார்.

இந்த மௌனம் எங்களுக்குப் பழக்கமானது. பாஷை தெரியாத எங்கள் பெண்கள் பரிசோதனைக் கட்டிலில் படுத்திருக்க, புருசனோ பள்ளிக்கூடப் பிள்ளையோ பதில் சொல்கிறது. எந்தச் சிகிச்சைக்கும் நோயாளியின் சம்மதம் வேண்டுமென்று 2002இல் பிரெஞ்சுச் சட்டம் எழுதிவைத்தது. பிள்ளையின் வாயால் வரும் 'ஓம்' தாயின் சம்மதமாகுமா? குழாய் காதைத் தள்ளிவைத்தது, சரி. அவளிடம் கேட்கவேண்டியதை அது கேட்டுத் தராது.