இடபமில்லா இடபவாகனர்

சோழர் செப்புத் திருமேனிகளை ஆராய விழைவோர் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தைக் காணாது தம் ஆய்வை நிறைவு செய்தல் அரிது. நாயக்கர் எடுப்பித்து மராட்டியர் விரிவாக்கிய அவ்வரண்மனை, 1855இல் நாடு கும்பினியார் வசமானபின் அரசிழந்த மாளிகையாயிற்று. 1951இல் அதன் ஒரு பகுதி கலைக்கூடமாக மாறியது. மன்னர் கொலுவிருந்த மண்டபத்தில் இன்று கோயில் திருவுருவங்கள் நிற்கின்றன. இம்மாற்றம் கலைக்கு ஆக்கமா, கேடா என்பதே ஈண்டு எழும் வினா.

திருவெண்காட்டு இடபவாகனரையே சான்றாகக் கொள்வோம். முதலாம் இராசராசன் காலத்தில், 1011இல், வார்க்கப்பெற்றவர்; மண்ணுள் புதையுண்டு கிடந்து மீண்டவர். ஒரு காலை மற்றொன்றின் குறுக்கே ஊன்றி, இடபத்தின்மீது கை சார்த்தி நிற்கும் பாவனை. ஆனால் இடபம் அங்கில்லை! சாய்வதற்கு ஒன்றுமின்றியும் அவ்வுருவம் சாய்ந்து நிற்கின்றது. மெய்யின் நெகிழ்ச்சியைக் கொண்டே நாம் இல்லாத விடையைக் கண்டுவிடுகின்றோம். இதனினும் மேலான வார்ப்பை யாம் கண்டிலேம்.

கோயிலில் பட்டும் மாலையும் மறைக்கும் இடையையும், பாம்பு பின்னிய சடைமுடியையும், முதுகின் வளைவையும் கலைக்கூடமே நமக்குக் காட்டுகின்றது. இஃது ஆக்கம். கேடும் உண்டு. வங்காலையில் புனித ஆனாள் திருநாளன்று சொரூபம் வீதிவலம் வருவதைக் கண்டு வளர்ந்தோர்க்கு, தோளில் அசைந்துவரும் உருவம் வேறு, அசையாது நிற்கும் உருவம் வேறு என்பது விளங்கும். உலாத் திருமேனியின் வடிவமைதி, விளக்கொளியில் அசைந்து வருவதற்கென்றே பிறந்தது. நிலைத்த ஒளியில் அதன் பாதியே நமக்குக் கிட்டுகின்றது.

கொழும்பு அருங்காட்சியகத்திலுள்ள பொலன்னறுவைத் திருமேனிகளுக்கும் இக்குறை உண்டு. எனினும் 1877இல் திறக்கப்பெற்ற அக்கட்டடம் காட்சிக்கென்றே எழுந்தது. தஞ்சை மண்டபமோ தன் கதையையும் உடன்பேசுகின்றது. சிற்சில வேளை அது மிகையாகவும் பேசிவிடுகின்றது: தூண்களையும் சுதைவேலையையும் நோக்குவோர் கீழே நிற்கும் செம்பை மறந்துவிடுவர்.

அம்மண்டபத்திலேயே, இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மன் வடித்த இரண்டாம் சரபோசியின் சலவைக்கல் உருவமும் உண்டு. அளவிற் செம்மை பெற்றது. சோழன் செம்பின் உயிர்ப்பு அதற்கு வாய்த்திலது. ஆயினும் அதனை வேறிடத்திற்கு அகற்றுக என்று கூற எமக்கு மனம் வரவில்லை. ஏனையோரெல்லாம் பார்க்க வந்த கூடத்தில், கைகூப்பி நிற்பவர் அவர் ஒருவரே.